புஷ் கழற்றும் பெட்டி: கோப்பைகளுக்கு நாலு நட்சத்திரம், கம்பிக்கு ஒன்றும் இல்லை

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் வாசித்துவிட்டுப் போகலாம். பெட்டியை வாங்குங்கள். உள்ளே இருக்கும் கம்பியைப் பழைய இரும்போடு போட்டுவிட்டு, நல்ல கம்பி ஒன்றைத் தனியாக வாங்கி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். நான் அப்படிச் செய்யாததால் போன ஓகஸ்ட் மாத நீண்ட விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுதாக இழந்தேன்.

பொருள் இதுதான்: பிஎம்டபிள்யூ இ46 காரின் பின் சப்ஃபிரேம் (பின் சில்லுகளைத் தாங்கும் இரும்புச் சட்டம்) புஷ்களை, அதாவது அதன் மூலைகளில் இருக்கும் ரப்பர் கட்டிகளைக் கழற்றவும் பூட்டவும் என்று இணையத்தில் விற்கிறார்களே, நீலப் பிளாஸ்டிக் பெட்டியில், அது. பெயரில்லாத சரக்கு. ஒரே படத்தைப் போட்டுப் பத்துப் பேர் விற்கிறார்கள். நான் கொடுத்தது 49 பவுண். உள்ளே நீளமான புரிக்கம்பி இரண்டு, தடித்த நட்டு நாலு, பெரிதும் சிறிதுமாக இரும்புக் கோப்பைகள், தட்டைகள், ஒரு த்ரஸ்ட் பெயரிங். ஒரு தாளில் செய்முறையும் இருந்தது. அதை எழுதியவர் அந்தக் காரை நேரில் பார்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

என் கார் 2003 ஆம் ஆண்டு 320ஐ. வெள்ளி நிறம், நேர்வரிசை ஆறு சிலிண்டர், 2.2 லீற்றர். 2012 இல் வாங்கினேன், இப்போது 131,000 மைல். லண்டன் ஹரோவில் இருந்துகொண்டு இந்த வயதுக் காரை வைத்திருப்பது கொஞ்சம் பைத்தியக்காரத்தனம் என்று எனக்கும் தெரியும். 2023 ஓகஸ்டில் யூலெஸ், அதாவது புகை கூடிய பழைய வண்டிகளுக்குக் கட்டணம் அறவிடும் வலயத்தின் எல்லை லண்டன் முழுவதற்கும் விரிந்தபோது, நாளுக்கு 12.50 பவுண் கட்ட வேண்டி வந்தால் விற்றுவிடுவது என்று வீட்டில் தீர்மானம் எடுத்தாயிற்று. இலக்கத்தகட்டைப் போட்டுப் பார்த்தால் பெற்றோல் கார், கட்டணம் இல்லை என்று வந்தது. மனைவியின் முகத்தில் தெரிந்த ஏமாற்றத்தை இன்றைக்கும் மறக்கவில்லை.

போன ஜூலை எம்ஓடி என்ற வருடாந்தத் தகுதிச் சோதனையில் கார் தேறியது, ஆனால் கீழே ஓர் அறிவுரைக் குறிப்பு: பின் சப்ஃபிரேம் புஷ் தேய்ந்திருக்கிறது, ஆனால் அசைவு அளவுக்கு மீறவில்லை. சோதித்த பொடியன் நல்லவன். என்னைக் கீழே கூப்பிட்டு ஒரு சின்ன அலவாங்கைச் சப்ஃபிரேமுக்கும் காரின் தரைக்கும் இடையில் வைத்து நெம்பிக் காட்டினான். ரப்பர் நடுக்குழாயை விட்டுப் பிரிந்து பிறைநிலா மாதிரி ஓர் இடைவெளி திறந்து மூடியது. நாலு மூலையில் இரண்டில் அப்படி. மற்ற இரண்டும் வெடிப்புகளோடு வரிசையில் காத்துக்கொண்டிருந்தன.

உண்மையில் அதற்கு ஒரு வருடத்துக்கு முன்பே கார் எனக்குச் சொல்லத் தொடங்கிவிட்டது. அக்சிலரேற்றரை விட்டு மறுபடி மிதிக்கும்போது முதுகுக்குப் பின்னால் ‘டொக்’ என்று ஒரு சத்தம். எம்25 நெடுஞ்சாலையில் பாதை மாற்றும்போது முன்பக்கம் போய்விடும், பின்பக்கம் யோசித்துவிட்டு அரை நொடி பிந்தி வரும். யாரோ பின்னாலிருந்து இன்னொரு ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது போல. பின் ரயர்களும் உள்பக்கமாகத் தேய்ந்தன. நான் ரயரைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சப்ஃபிரேம் என்ன செய்கிறது என்று தெரியாதவர்களுக்கு: இந்தக் காரில் டிஃபரென்ஷியலும் (இயந்திர விசையைப் பின் சில்லுகளுக்குப் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டி) பின் சில்லுகளைத் தாங்கும் கைகளும் நேரே காரின் உடலில் பூட்டப்படவில்லை. ஒரு தடித்த இரும்புச் சட்டத்தில் தொங்குகின்றன. அந்தச் சட்டத்தை உடலோடு பிடித்திருப்பவை நாலு மூலையில் நாலு நீண்ட போல்ட்டுகள். சட்டத்துக்கும் போல்ட்டுக்கும் நடுவே இருப்பதுதான் புஷ்: வெளியே ஒரு சட்டை, உள்ளே ஒரு குழாய், இரண்டையும் ஒட்டிப் பிடிக்கும் ரப்பர். இயந்திரம் தள்ளுகிற விசை முழுவதும், வளைவில் வரும் பக்க இழுவை முழுவதும் இந்த நாலு ரப்பர் கட்டிகளுக்கூடாகத்தான் காருக்குப் போகிறது. இருபது வருடம் அது தாங்கியதே பெரிது.

ஒரு கராச்சில் 680 பவுண் கேட்டார்கள். இன்னொன்றில் விலையைச் சொல்வதற்கு முன்னமே “இந்தக் காருக்கா?” என்று கேட்டார்கள். அதோடு நானே செய்வது என்று முடிவெடுத்தேன்.

கொழுப்பு என்று நினைக்க வேண்டாம். நான் வளர்ந்தது யாழ்ப்பாணம் கொக்குவிலில் அப்பாவின் கராச்சில். கராச் என்றால் கிடுகுக் கொட்டில், ஒரு வைஸ், நாலு பனங்குற்றி. மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும்தான் வாடிக்கை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல் கண்ணால் காணக் கிடைக்காது. கார்புறேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவோம். உதிரிப்பாகத்துக்கும் அதே கதைதான். மொறிஸ் மைனரின் பின் வில்லுத்தகட்டுப் புஷ் போனால் அப்பா பழைய லொறி ரயரை வெட்டி, செதுக்கி, வைஸுக்குள் வைத்து அமத்தி ஏற்றுவார். ஆறு மாதம் ஓடும். பிறகு மறுபடி வெட்டுவார். ஆகவே ரப்பரை இரும்புக்குள் ஏற்றும் வேலை எனக்குப் புதிதல்ல. புதிது என்னவென்றால், இங்கே வைஸைக் காரிடம் கொண்டுபோக வேண்டும். அதைத்தான் இந்தப் பெட்டி செய்கிறது.

புஷ் தெரிவைப் பற்றிக் கொஞ்சம். மூன்று வழி உண்டு. பந்தயக்காரர்கள் அலுமினியக் கட்டியைப் போடுவார்கள், அதை விடுவோம். அடுத்தது பொலியூறிதேன், ரப்பர் மாதிரியான ஒரு பிளாஸ்டிக். பவர்ஃபிளெக்ஸின் ஊதா நிறப் புஷ்களை இங்கே பலர் போடுகிறார்கள். அவற்றில் ஒரு பெரிய வசதி: இரண்டு பாதியாக வரும், சவர்க்காரம் பூசிக் கையாலேயே தள்ளி ஏற்றலாம், பழையதைக் கழற்ற மட்டும்தான் கருவி வேண்டும். தனியாக வேலை செய்பவருக்கு இது சின்ன விஷயமல்ல. ஆனால் ரப்பரைவிட இறுக்கமானது, டிஃபரென்ஷியலின் முனகலைக் காருக்குள் கொண்டுவரும், கிறீஸ் வற்றினால் கிறீச்சிடும். நான் ரப்பரையே எடுத்தேன், லெம்ஃபோர்டர் தயாரிப்பு. நாலுக்கும் சேர்த்து 148 பவுண். என் மனைவி முன்சீற்றில் நித்திரை கொள்பவர். அவருடைய நித்திரைக்கு ரப்பர்தான் நல்லது.

இன்னொரு காரணமும் உண்டு. இ46 காரின் பெரிய நோய் புஷ் இல்லை, புஷ்ஷுக்கு மேலே இருக்கும் தரைத்தகடு. சப்ஃபிரேம் பூட்டப்படும் இடங்களில் தகடு களைத்து வெடிக்கும், புள்ளி வெல்டிங் விட்டுக்கொள்ளும். தேய்ந்த புஷ்ஷோடு கனகாலம் ஓடினால் ஒவ்வொரு ‘டொக்’கும் அந்தத் தகட்டில் விழும் சுத்தியல் அடிதான். அந்த இடத்தில் ஓர் இறுக்கமான கட்டியை வைக்க எனக்கு மனம் வரவில்லை. இது என் கணிப்பு. மாற்றிச் சொல்பவர்கள் கனபேர் உண்டு.

சரி, வேலைக்கு வருவோம். சனிக்கிழமை காலை ஏழு மணி. முன் சில்லுகளுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்தேன். பின்பக்கத்தை உயர்த்தி, அக்சில் ஸ்டாண்டுகளைக் காரின் ஓரத்தில் ஜக் வைக்கும் இடங்களில் நிறுத்தினேன். சப்ஃபிரேமுக்குக் கீழே நிறுத்தக் கூடாது, அதுதானே கீழே வரப்போகிறது. கழற்றிய சில்லுகளைக் காருக்கு அடியில் படுக்க வைத்தேன். ஜக்கை மட்டும் நம்பி அடியில் போவதில்லை என்பது அப்பா தலையில் குட்டிச் சொல்லித் தந்த பாடம். பனங்குற்றி ஒருநாளும் எண்ணெய் கசிந்து இறங்காது என்பார்.

சைலன்சர், அதன் மேலுள்ள வெப்பத்தகடு, புறொப் தண்டு, கைப்பிரேக் கேபிள், ஏபிஎஸ் வயர், ஷொக் அப்சோபரின் கீழ் போல்ட், சுருள்வில். எல்லாம் கழற்றப் பிற்பகல் இரண்டு மணி. இதில் சொல்ல ஒன்றுமில்லை, துரு மட்டும்தான். குளிர்காலத்தில் வீதியில் கொட்டுகிற உப்பு இந்த நாட்டுக் காரை அடியிலிருந்து தின்கிறது. துரு இளக்கும் எண்ணெயை மூன்று நாள் முன்பிருந்தே பின்னேரமும் காலையும் அடித்து வைத்திருந்தேன். அப்படியும் ஒரு போல்ட் ஒடிந்தது. நல்லகாலம், வெப்பத்தகட்டின் சின்ன போல்ட். பிரேக் ஹோஸ்களில் மட்டும் கண் இருக்கட்டும். சப்ஃபிரேம் இறங்கும்போது அவை இழுபடத் தொடங்கினால் அங்கேயே நிற்பாட்ட வேண்டும். சட்டத்தை முழுதாகக் கீழே எடுக்கத் தேவையில்லை. முன்பக்க இரண்டு போல்ட்டையும் எடுத்து, பின்பக்கத்தை இளக்கி மட்டும் விட்டு, ஜக்கில் தாங்கியபடி முன்பக்கத்தை ஒரு சாண் இறக்கினால் முன் புஷ்களுக்குக் கருவி பிடிக்கும். பிறகு அதே போலப் பின்பக்கம்.

கழற்றுவதற்கு முன் ஒரு வேலை: வெள்ளைப் பெயின்ற் பேனாவால் பழைய புஷ் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று சட்டத்தில் கோடு போட்டேன். இந்தப் புஷ்களுக்குத் திசை உண்டு. முன்னதும் பின்னதும் வேறு வேறு என்பதையும் கவனிக்க வேண்டும். பெட்டியில் வந்த தாள் இதைப் பற்றி மூச்சே விடவில்லை.

இப்போது பெட்டி. முன் இடது புஷ். பெரிய கோப்பையைச் சட்டத்தின் மேலே வைத்து, சிறிய தட்டையைப் புஷ்ஷின் கீழே கொடுத்து, கம்பியை நடுக்குழாய்க்கூடாக விட்டு, பெயரிங்கை நட்டின் அடியில் வைத்தேன். கோப்பைகள் நன்றாகவே இருந்தன, மனதாரச் சொல்கிறேன். சுவர் தடிப்பாக இருக்கிறது, வாய் நேராகச் சீவப்பட்டிருக்கிறது, சட்டத்தின் விளிம்பில் ஆடாமல் உட்காருகிறது. ஒன்றின் விளிம்பில் மட்டும் பிசிர் இருந்தது, அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தேன். பெயரிங்கும் குறை சொல்ல முடியாதது. நட்டை இறுக்கும்போது நாம் கொடுக்கும் பலத்தில் ஏறக்குறையப் பாதி நட்டின் அடி உராய்வதிலேயே போய்விடும். பெயரிங் அந்தப் பாதியைத் திருப்பித் தருகிறது.

19 ஆம் நம்பர் ஸ்பனரைப் போட்டு இழுத்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். துரு விட்டுவிட்டது. பக்கத்து வீட்டுக் குஜராத்திப் பெரியவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து உயிரோடு இருக்கிறேனா என்று கேட்டார். புஷ் மெல்ல மெல்லக் கோப்பைக்குள் நகர்ந்து வந்தது. இருபது நிமிடம். ஐந்து நட்சத்திரம் போடலாம் என்று நினைத்துக்கொண்டு தேநீர் குடிக்கப் போனேன்.

மறுநாள் ஞாயிறு. முன் வலது புஷ். அதே கோப்பை, அதே கம்பி. நட்டு இறுகியது, இன்னும் இறுகியது, பிறகு சுகமாகச் சுற்றத் தொடங்கியது. புஷ் வருகிறது என்று எனக்குப் புளுகம். நாலு சுற்று, ஐந்து சுற்று. குனிந்து பார்த்தால் புஷ் வைத்த இடத்திலேயே இருக்கிறது. கம்பிதான் நீண்டுகொண்டிருந்தது.

இப்படி நீண்ட கம்பியைக் கண்டுபிடிப்பது சுலபம்: பெட்டியிலிருந்த புது நட்டொன்றை அதில் ஏற்றிப் பார்த்தேன். நல்ல இடத்தில் ஓடி, நீண்ட இடம் வந்ததும் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. புரிகளின் இடைவெளி மாறிவிட்டது. எம்12, அதாவது 12 மில்லிமீற்றர் தடிப்புள்ள கம்பியில் ஒரு சுற்றுக்கு 1.75 மில்லிமீற்றர் என்பது கணக்கு. இதில் அந்தக் கணக்கு செத்துவிட்டது. இரண்டாவது கம்பியை எடுத்தேன். அது பதினைந்து நிமிடம் தாங்கியது, பிறகு நட்டும் கம்பியும் ஒன்றாக உருகிப் பிடித்த மாதிரி இறுகிக்கொண்டன. இரும்பு வாளால் அறுத்துத்தான் எடுத்தேன்.

அன்று பகல் முழுக்க வாசலில் உட்கார்ந்து யோசித்ததில் விளங்கிய விஷயம் இது. நல்ல புரிக்கம்பியில் அதன் தரம் குத்தியிருக்கும்: 8.8, 10.9 என்று. புள்ளிக்கு முன்னுள்ள எண்ணை நூறால் பெருக்கினால் ஒரு சதுர மில்லிமீற்றர் இரும்பு அறுவதற்கு முன் எத்தனை நியூட்டன் தாங்கும் என்று வரும். பின்னுள்ள எண், அதில் பத்தில் எத்தனை பங்கில் அது நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்பது. பெட்டியில் வந்த கம்பியில் ஒரு குறியும் இல்லை. குறி இல்லாவிட்டால் 4.8 என்று வைத்துக்கொள்வதுதான் புத்தி. எம்12 கம்பியின் தாங்கும் பரப்பு 84 சதுர மில்லிமீற்றர். அதை 400 இல் பத்தில் எட்டு, அதாவது 320 ஆல் பெருக்குங்கள்: ஏறக்குறைய 27,000 நியூட்டன், அதாவது இரண்டே முக்கால் தொன். 10.9 கம்பி என்றால் அதே தடிப்பில் ஏழரைத் தொன்னுக்கு மேல். இருபது வருடத் துருப்பிடித்த ஒரு புஷ் மூன்று தொன் கேட்டால் முதல் கம்பி பாவம் என்ன செய்யும்?

தடித்த கம்பியைப் போடலாமே என்று கேட்பீர்கள். போட முடியாது. கம்பி புஷ்ஷின் நடுக்குழாய்க்கூடாகப் போக வேண்டும், அங்கே 12 மில்லிமீற்றர் கம்பிதான் சிக்காமல் போகும். பழையதைக் கழற்றும்போது ரப்பரைத் துளைத்து நடுக்குழாயை வெளியே எடுத்துவிட்டால் 16 மில்லிமீற்றர் போடலாம், ஆனால் புதியதை ஏற்றும்போது மறுபடி 12 தான். தடிப்பைக் கூட்ட முடியாத இடத்தில் தரத்தைத்தான் கூட்ட வேண்டும். இதைக் கருவி செய்தவர்கள் அறியாமல் இருக்க முடியாது. நல்ல கம்பி போட்டால் அவர்களுக்கு ஒரு பெட்டிக்கு ஐந்தாறு பவுண் கூடச் செலவாகும், அவ்வளவுதான்.

ஞாயிறு. திங்களும் வங்கி விடுமுறை. போல்ட் நட்டு விற்கும் கடைகள் பூட்டு. பெரிய வீட்டுச்சாமான் கடை ஒன்று ஞாயிற்றுக்கிழமைக்குரிய ஆறு மணித்தியாலத்துக்குத் திறந்திருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் அங்கேயும் அதே குறியில்லாத கம்பிதான், கூரை வேலைக்கு. கார் அடிவயிற்றைத் திறந்துபோட்டுக்கொண்டு வாசலில். திங்கள் இரவு எனக்கு வேலை, தபால் பிரிக்கும் இடத்துக்கு எட்டு மைல்.

“இஞ்சருங்கோ, ஊபரிலை போய் வந்தால் எவ்வளவு வரும் எண்டு பார்க்கட்டோ?” என்று மனைவி கேட்டார். குரலில் இரக்கம் மாதிரி ஒன்று இருந்தது. இரக்கம் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

கடைசியில் சவுத்தோலில் இருக்கும் ஒரு தம்பியை அழைத்தேன். லிஃப்ட் பூட்டும் வேலை செய்பவர், அவருடைய வான் வண்டியில் இல்லாத இரும்பு இல்லை. “அண்ணை, புஷ்ஷைச் சூடு காட்டி எரியுங்கோவன், லேசா வரும்” என்றார். வேண்டாம் என்றேன். இந்தக் காரில் பெற்றோல் தாங்கி பின்சீற்றுக்கு அடியில், முன் புஷ்களுக்குக் கிட்ட இருக்கிறது. நெருப்போடு அந்தப் பக்கம் போகும் எண்ணம் எனக்கு இல்லை. உங்களுக்கும் வரவேண்டாம். பின்னேரம் ஆறு மணிக்கு ஒரு மீற்றர் 10.9 கம்பியும் அதே தரத்தில் நாலு உயர நட்டும் கொண்டுவந்து தந்தார். காசு வாங்க மறுத்தார். இரண்டு டப்பா மீன் கறியோடு அனுப்பிவைத்தோம். கடையில் வாங்கினால் பதினைந்து பவுணுக்குள் முடியும்.

அதன் பிறகு கதை வேறு. புரிகளுக்கு மொலிப்டினம் கிறீஸ் பூசி ஏற்றினேன். வலது புஷ் பெரிய முனகலோடு வந்தது. பின்பக்க இரண்டில் ஒன்று முரண்டு பிடித்தது: ரப்பரும் நடுக்குழாயும் வந்துவிட்டன, வெளிச்சட்டை மட்டும் துருவோடு சட்டத்தில் ஒட்டிக்கொண்டது. அதற்குக் கருவி இல்லை, பொறுமைதான். இரும்பு வாளின் அலகைக் கழற்றி உள்ளே விட்டு மறுபடி பூட்டி, சட்டையை மட்டும் நீளவாக்கில் ஒரு கோடு அறுத்தேன். சட்டத்தைத் தொடக் கூடாது. பிறகு மெல்லிய உளியால் அந்த வாயை உள்ளே மடித்தால் பிடி விட்டுவிடும். முக்கால் மணித்தியாலம்.

சட்டம் இறங்கியிருந்தபோதே தரையையும் பார்த்தேன். கம்பித் தூரிகையால் நாலு மூலையிலும் பழைய கறுப்புப் பூச்சைச் சுரண்டி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, ரோச்சைச் சாய்த்துப் பிடித்து வடிவாகப் பார்த்தேன். பின் இடது மூலையில் ஒரு மயிர்க்கோடு. நெஞ்சு ஒருமுறை நின்றது. இன்னும் சுரண்டினால் கோடு பூச்சோடு போய்விட்டது, தகட்டில் இல்லை. அந்த இடத்தைத் தொலைபேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறேன், ஒவ்வொரு வருடமும் ஒப்பிட்டுப் பார்க்க. வெடிப்பு இருந்திருந்தால் புஷ் எல்லாம் ஒரு பக்கம் வைத்துவிட்டு வெல்டரிடம் வலுவூட்டும் தகடு போடப் போயிருக்க வேண்டும். 148 பவுண் வேலை ஆயிரங்களில் போய் நின்றிருக்கும்.

புதியவற்றை ஏற்ற ஒருநாள் முன்பே ஃபிரீசரில் போட்டிருந்தேன், திருக்கைப் பொதிக்கும் இறால் பொதிக்கும் நடுவில். இதில் பெரிய மந்திரம் இல்லை. 60 மில்லிமீற்றர் இரும்பு வளையம் ஒன்று 40 பாகை குளிர்ந்தால் 0.03 மில்லிமீற்றர்தான் சுருங்கும். ஆனாலும் ஏற்றும்போது முதல் அரை அங்குலம் சுகமாகப் போனது, அந்த 0.03 ஐ நான் குறை சொல்ல மாட்டேன். மசகாகப் பாத்திரம் கழுவும் திரவமும் தண்ணீரும். எண்ணெயோ சாதாரண கிறீஸோ ரப்பருக்குப் பட்டால் அது ஊதி இளகிவிடும். வெள்ளைக் கோட்டில் புஷ்ஷின் குறியைப் பொருத்தி, முதல் இரண்டு மூன்று சுற்றுக்கு நேராகப் போகிறதா என்று நாலு பக்கமும் அளந்து பார்த்து, பிறகு நிற்காமல் இழுத்தேன். நாற்பது சுற்று. இங்கேதான் கோப்பைகளின் அருமை தெரிந்தது: புஷ்ஷின் வெளிச்சட்டையில் மட்டும் அழுத்துகின்றன, ரப்பரை நசிக்கவில்லை. நாலும் திங்கள் பகல் பன்னிரண்டரைக்கு உள்ளே.

பூட்டும்போது ஒரு நுணுக்கம், பலர் குழப்பிக்கொள்கிறார்கள். சப்ஃபிரேமின் நாலு பெரிய போல்ட்டையும் சில்லு தொங்கும்போதே கடைசி இறுக்கு இறுக்கலாம். சட்டம் காரோடு சேர்ந்து நிற்பது, மேலும் கீழும் சுழல்வதில்லை. ஆனால் சில்லைத் தாங்கும் கைகளின் போல்ட்டை எதையாவது இளக்கியிருந்தால் அவற்றைக் காரின் பாரம் சில்லில் இறங்கிய பிறகுதான் இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் அங்குள்ள ரப்பர் எந்நேரமும் முறுக்கிய நிலையில் நின்று சீக்கிரம் கிழியும். சப்ஃபிரேமுக்குப் புதிய போல்ட்டுகள் போட்டேன், முறுக்கு அளவு கைநூலில் உள்ளபடி.

திங்கள் இரவு ஒன்பதரைக்கு வேலைக்கு ஓட்டிப் போனேன். வீதி முனையில் உள்ள வேகத்தடையில் பழக்கதோஷத்தில் பல்லைக் கடித்தேன். சத்தம் இல்லை. அடுத்த கிழமை சில்லு நேர்ப்படுத்தப் போனபோது பின்பக்கம் இரண்டு சில்லும் கொஞ்சம் வெளியே பார்த்தன, சரி செய்தார்கள், 70 பவுண். இதைத் தவிர்க்க வேண்டாம், சட்டம் ஒரு மில்லிமீற்றர் நகர்ந்தாலும் ரயர் தின்னும். இப்போது எம்25 இல் பாதை மாற்றினால் முன்னும் பின்னும் ஒன்றாகவே போகின்றன. மனைவி வூல்வரம்ப்ரன் வரைக்கும் நித்திரை கொண்டார்.

விற்றவருக்குப் படங்களோடு எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்தது: கம்பியை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறீர்கள், நல்லெண்ணத்துக்காகப் பத்துப் பவுண் திருப்பித் தருகிறோம். புஷ்ஷைக் கழற்றும் கம்பியை இறுக்காமல் வேறு என்ன செய்வது என்று கேட்டு எழுதினேன். அதற்குப் பதில் இல்லை. பத்துப் பவுண் வந்தது.

மொத்தக் கணக்கு கேட்பவர்களுக்கு: பெட்டி 39 (பத்தைக் கழித்து), புஷ் 148, போல்ட்டும் சில்லறையும் 31, நேர்ப்படுத்தல் 70. ஆக 288 பவுண், மூன்று நாள், ஒரு நகம். கராச் கேட்ட 680 க்கு நேர்ப்படுத்தல் சேரவில்லை. சப்ஃபிரேமை ஒருதரம் மட்டும் செய்யப் போகிறவருக்குப் பெட்டி இலாபம்தான், இரவல் கிடைத்தால் இன்னும் இலாபம். என்னுடைய பெட்டியில் இப்போது 10.9 கம்பி இருக்கிறது. ஹரோ, வெம்பிளிப் பக்கம் யாருக்காவது இ46 இருந்தால் கேளுங்கள், கோப்பைகளை எண்ணித் தருவேன், எண்ணி வாங்குவேன்.

இந்த ஜூலை மறுபடி எம்ஓடி. அதே பொடியன், அதே அலவாங்கு. நெம்பிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்து வாசித்தேன். சப்ஃபிரேமைப் பற்றி ஒன்றும் இல்லை. கீழே ஒரே ஒரு வரி: பின் பிரேக் குழாய்களில் துரு.